ஐந்து கேமராவில் ஐந்து நேரம்

"அண்ணே, அஞ்சு பேரு கைப்பேசியோட நிப்பாங்க. நீங்க எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து யூடியூப்ல விட்டா போதும்." கோலாலம்பூரில் காற்பந்து, கபடிப் போட்டிகளுக்கு நேரலை செய்து கொடுக்கும் எனக்கு இந்த அழைப்பு வராத மாதமே இல்லை. அண்மையில் செந்தூல் பக்கம் நடந்த ஓர் இறுதியாட்டத்தை வீட்டிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெனால்டி. பிரதான கேமராவில் பந்து வலைக்குள் போய்விட்டது. உடனே கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கைப்பேசிக்கு மாற்றினார்கள். அதில் அந்தப் பையன் அப்போதுதான் ஓடி வந்து உதைக்கிறான். ஒரே கோல், இரண்டு முறை. ஈப்போவிலும் கூலிமிலும் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் "இப்ப ஸ்கோர் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிள்ளைகளின் ஆட்டம் அது. வயிறு எரிந்தது.

ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். சேராது. கேபிள் வழியாக வரும் படம், எல்லாக் கேமராவையும் கலக்கும் மிக்சருக்குச் சில ஃபிரேம்களுக்குள், அதாவது கண்ணிமைக்கும் நேரத்தில், வந்துவிடும். வைஃபையில் வருவது அப்படியல்ல. கைப்பேசி படத்தைச் சுருக்க வேண்டும், அனுப்ப வேண்டும், இந்தப் பக்கம் அதை விரிக்க வேண்டும். கால் விநாடியும் ஆகலாம், மூன்று விநாடியும் ஆகலாம். கூட்டம் கூடக்கூட அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். "300 எம்பிபிஎஸ் லைன் இருக்கே" என்பார்கள். சாலையை அகலப்படுத்தினால் நிறைய வண்டி போகலாம், கிள்ளானுக்குப் போகும் தூரம் குறையாது. வேகம் வேறு, தாமதம் வேறு.

ஆகவே மிக மெதுவாக வரும் கேமராவுக்காக மற்ற எல்லாவற்றையும் மிக்சரில் காத்திருக்க வைக்க வேண்டும். எல்லாக் கேமராவிலும் தெரியும்படி ஒருவர் நின்று கைதட்டட்டும், அதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். வர்ணனையாளரின் குரலையும் அதே அளவு தாமதிக்க மறக்காதீர்கள். தாமதம் நிலையாக இல்லாத கைப்பேசியை இப்படிச் சரிசெய்யவே முடியாது. அதைக் கழற்றி வையுங்கள். மூன்று நல்ல கேமரா தாராளமாகப் போதும்.

கேமராக்களைத் திடலின் ஒரே பக்கத்தில் வையுங்கள், தயவுசெய்து. எதிர்ப்பக்கம் ஒன்றை வைத்து அதற்கு மாற்றினால், வலப்பக்கம் ஓடிய அணி திரையில் திடீரென்று இடப்பக்கம் ஓடும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசிகளோ பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேமில் ஓடும். இரவு ஆட்டத்தில் விளக்கொளி படபடப்பது பெரும்பாலும் இதனால்தான். எல்லாவற்றையும் 25 அல்லது 50 ஃபிரேமில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி ஆக்குங்கள்.

அப்புறம் கேபிள். காற்பந்துத் திடல் பெரும்பாலும் 100 மீட்டர் அளவுக்கு நீளம். சாதாரண எச்டிஎம்ஐ 10, 15 மீட்டரைத் தாண்டினாலே தடுமாறும். தொலைக்காட்சிக்காரர்கள் பயன்படுத்தும் எஸ்டிஐ கேபிளை எடுங்கள், இன்னும் தூரமென்றால் கண்ணாடி இழையாலான ஃபைபர். நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு இடி மின்னலோடு மழை வருவது புதிதா என்ன? திறந்தவெளியில் நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பியைவிட ஃபைபர் எவ்வளவோ பாதுகாப்பு.

ஐந்து கேமராவுக்கு ஐந்து மடங்கு இணையம் வேண்டும் என்று பயந்து பணம் கொட்டுகிறவர்களும் உண்டு. வேண்டாம். திடலிலேயே கலந்துவிட்டால் இணையத்தில் வெளியே போவது ஒரே வீடியோ ஓடைதான். 1080 தரத்துக்கு 6 முதல் 8 எம்பிபிஎஸ் அப்லோட் போதும், அதைப்போல இரண்டு மடங்கு கையிருப்பு இருந்தால் நிம்மதி. ஆனால் அந்த வேகத்தைக் காலை ஏழு மணிக்கு, ஆளில்லாத திடலில் சோதிக்காதீர்கள். கூட்டம் வந்து எல்லோரும் கைப்பேசியைத் திறந்ததும் அதே சிம் மூச்சுத் திணறும். இரண்டு வெவ்வேறு நிறுவன சிம்களை வைத்திருங்கள். மின்சாரம் போனாலும் நிற்காதபடி மிக்சரையும் ரூட்டரையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

நேரலை செய்பவரைப் போட்டி நாளன்று காலையில் அழைக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே திடலைக் காட்டுங்கள். மின் இணைப்பு எங்கே, கேபிள் எந்த வழியாகப் போகும், மழை வந்தால் கூடாரத்தை எங்கே நகர்த்துவது, இதையெல்லாம் திடல் பொறுப்பாளரையும் கூட வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடலாம்.