நாங்கள் கட்டுவதும் அதே வலைதான்

“என்னம்மா, முராய் பிடிக்கிறீங்களா?”

பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் விடிவதற்கு முன்பே வலைக்கம்பு ஊன்றிக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார். முராய் என்றால் பாட்டுக்காகக் கூண்டில் வைத்து வளர்க்கும் குருவி. எனக்குக் கோபம் வரவில்லை. குருவி பிடித்து விற்கிறவர்கள் கட்டுவதும், ஆய்வுக்கு நாங்கள் கட்டுவதும் அதே கறுப்பு நைலான் வலைதான். மர நிழலில் கட்டினால் நமக்கே தெரியாது, குருவிக்கு எங்கே தெரியும்? கூண்டில் பாட வைக்கப் பிடித்துப் பிடித்தே ‘பாராவ் பாராவ்’ என்ற பாடும் குருவி ஜாவா காடுகளில் இல்லாமல் போனது. ஆகவே அவர் கேட்டது நியாயம்தான்.

நாங்கள் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியோடு பிடிக்கிறோம். அதைவிட முக்கியம் கடிகாரம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா வலைகளையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும். தூறல் விழுந்தால் உடனே சுருட்டிவிட வேண்டும். வலசைக் குருவிகள் வந்து இறங்கும் அக்டோபர், நவம்பரில்தான் இங்கே மழையும் கொட்டும். பாதி நாள் சுருட்டுவதிலேயே போய்விடும்.

ஆர்க்டிக் கதிர்க்குருவியைத் துணிப்பையில் போட்டு நிறுத்தால் 9, 10 கிராம் இருக்கும். ஏறக்குறைய இரண்டு 20 காசு நாணயத்தின் எடை, அவ்வளவுதான். அது சைபீரியா பக்கமிருந்து வருகிறது. நெஞ்சு இறகை மெதுவாக ஊதி விலக்கினால், கழுத்தடிக் குழியில் தோலுக்குக் கீழே மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். வழிக்குக் கட்டிக்கொண்ட கட்டுச்சோறு அது. சிலதுக்குக் குழி ஒட்டிப்போயிருக்கும். அப்புறம் இறக்கையை அளந்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் போட்டு, இடுக்கியால் அழுத்தி மூடுவோம். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று குருவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். “டீச்சர், அதுக்கு மூச்சு வாங்குது” என்றாள் முன்னால் நின்ற சிறுமி. அலகு திறந்திருந்தது. பார்க்க வேண்டிய நான் பார்க்கவில்லை. புதரடி நிழலில் விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்தது. இப்போதெல்லாம் ஒரு குருவிக்கு ஒரு படம்தான். பேச்செல்லாம் அதை விட்ட பிறகு.

காட்டோரத்திலோ பழத்தோட்டத்திலோ பக்கத்தில் ஆளே இல்லாத வலையைப் பார்த்தால், படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். சிக்கிய குருவியை இழுக்காதீர்கள், கால் முறிந்துவிடும். வளையத்தோடு குருவி செத்துக் கிடந்தால் வளையத்து எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அவர்களுக்கே அனுப்புங்கள். உயிரோடு இருக்கும் குருவியின் வளையத்தைக் கழற்ற வேண்டாம்.

அந்தப் பெரியவர் இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறார். வந்தவர்களிடம் நான் பேச்சு சுவாரசியத்தில் இருக்கும்போது கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். “இருவது நிமிஷம் ஆயிருச்சும்மா, போய் வலையைப் பாரு.”