பெங்களூரு வைரஸும் பாலக்கோட்டுச் சளியும்

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை மாலை கிளினிக்கில் ஓடிக்கொண்டிருந்த டிவியை நானே எழுந்துபோய் அணைத்தேன். பெங்களூருவில் 2 குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. (ஹியூமன் மெட்டாநியூமோவைரஸ் என்ற, சளி இருமல் கொண்டுவரும் வைரஸ்) என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அறிவித்ததிலிருந்து ஒரே செய்தி, ஒரே சிவப்புப் பட்டை. அப்புறம் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று தமிழக அரசும் சொன்னது. மேப்பைப் பாருங்கள். வடக்கே பெங்களூரு, தெற்கே சேலம், நடுவில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் ஓசூர், பெங்களூரு என்று வாராவாரம் ரயிலேறிப் போய்வருகிற ஊர் தர்மபுரி மாவட்டத்து எங்கள் பாலக்கோடு, பயப்படாமல் இருப்பார்களா?

மறுநாள் காலை ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி மருமகளோடு வந்தார். பையனின் அப்பாவும் வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டேன். "எம் மவன் பெங்களூருல இருந்து நேத்து ராத்திரிதாங்க வந்தான். புள்ளையத் தொட விடலைங்க டாக்டரம்மா. இது அந்த பெங்களூரு வைரஸுங்களா?" என்றார். விசாரித்தால், அப்பா வருவதற்கு மூன்று நாள் முன்பே பையனுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்திருக்கிறது. பேசும்போதே பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலு முறை இருமினார். "உங்களுக்கு எத்தனை நாளா இருமல்?" என்றேன். "அது ஒரு வாரமா இருக்குதுங்க, பனிக்கு வந்தது" என்றார். வாசலில் நின்ற அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பத்து நாள் கழித்து மகனைப் பார்க்க வந்தவர் அவர்.

சரி, இந்த வைரஸ் புதிதா என்றால், இல்லை. பெயர்தான் நமக்குப் புதிது. 2001-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 1958-இல் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளிலேயே இதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்ததைப் பார்த்தார்கள், அதாவது கண்டுபிடிப்பதற்கு நாற்பது வருடத்துக்கும் மேலாகவே ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. 5 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைக்கும் ஒரு தடவையாவது வந்துபோகும். இதைப் படிக்கிற உங்களுக்கும் எப்போதோ வந்திருக்கும், "சாதா சளி" என்று மிளகு ரசம் குடித்துத் தாண்டியிருப்பீர்கள். பெங்களூருவில் கண்டறியப்பட்ட 2 குழந்தைகளும் வெளிநாட்டுக்குப் போனவர்கள் இல்லை. 3 மாதக் குழந்தை அறிவிப்பு வந்தபோதே குணமாகி வீட்டுக்குப் போயிருந்தது, 8 மாதக் குழந்தை தேறிக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து விமானம் ஏறி வந்த கதை இல்லை இது.

பயம் ஏன் என்று எனக்குப் புரியாமல் இல்லை. 2020-இல் இதே ஜனவரியில் இதேபோல்தான் சீனா, ஆஸ்பத்திரி, கூட்டம் என்று வீடியோக்கள் வந்தன. 2020 மே தொடக்கம் வரை கிருஷ்ணகிரி பச்சை மண்டலம், தமிழ்நாட்டிலேயே ஒரு தொற்றுகூடப் பதிவாகாத மாவட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் இ-பாஸுக்குக் காத்து நின்றவர்கள் அதை மறக்கவில்லை. ஆனால் கொரோனா அப்போது யார் உடம்புக்கும் பழக்கமில்லாத கிருமி, இது உடம்புக்கு ஏற்கெனவே அறிமுகமான கிருமி. அந்த ஒரு வித்தியாசம் போதும், இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் இருக்க.

எனக்குக் கவலை கொடுத்தது வைரஸ் இல்லை, புதன்கிழமை இரவு வந்த ஒரு குழந்தை. ஐந்து மாதம். இரண்டு நாளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது, பால் குடிக்க ஆரம்பித்தால் நாலு வாய் இழுத்துவிட்டு விட்டுவிடுகிறது. ஏன் இரண்டு நாள் வைத்திருந்தீர்கள் என்றேன். அம்மா பேசவில்லை. மாமனார்தான் சொன்னார், "கூட்டிட்டு வந்தா டெஸ்ட் எடுத்து, புள்ளையத் தனியா பிரிச்சு வெச்சிடுவாங்கன்னு வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜ் வந்ததுங்க, தெருவையே அடைச்சிடுவாங்களாம்." சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. எண்ணினேன், நிமிடத்துக்கு 68. 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்று நாள் ஆக்ஸிஜன், மூக்கில் சளி உறிஞ்சி எடுத்தது, அவ்வளவுதான் வைத்தியம். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. எந்த வைரஸ் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்திருந்தாலும் பெரும்பாலும் வைத்தியம் அதேதான். ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு சளி வைரஸ், எச்.எம்.பி.வி., ஃப்ளூ எல்லாமே கைக்குழந்தைக்கு இந்த மாதிரிச் செய்யக்கூடியவை. அதனால்தான் "அந்த டெஸ்ட்டு எடுத்திடலாமுங்களா" என்று கேட்கிறவர்களிடம், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை இல்லாத குழந்தைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்து வைரஸின் பெயரைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். எச்.எம்.பி.வி.க்கென்று தனி மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஒருவரை விட்டு ஒருவரைப் பிரித்து வைக்கும் உத்தரவு எதுவும் இல்லை, தெருவை யாரும் அடைக்கப்போவதில்லை.

பெயரை விடுங்கள், மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். எண்கள் தெரிந்த யாரும் செய்யலாம். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதத்துக்குள் என்றால் 60, 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு, டாக்டரிடம் காட்ட வேண்டும். அழுதுகொண்டிருக்கும்போது எண்ணினால் தப்பான கணக்கு வரும், காய்ச்சல் கொதிக்கும்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், இறங்கியதும் மறுபடி எண்ணுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூச்சு விடும்போது முனகுவது, உதடு நீலம் பாய்வது, பாலே குடிக்காமல் துவண்டு கிடப்பது, ஆறேழு மணி நேரம் மூத்திரம் போகாதது, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், நேராக 108. மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே காட்டிவிடுங்கள், விடியட்டும் என்று பார்க்காதீர்கள். இன்னொன்று, இந்த மாதிரிச் சளி பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான் கூடும், அப்புறம் இறங்கும், இருமல் மட்டும் இரண்டு வாரம்கூட இழுக்கும். முதல் நாள் காட்டி "ஒண்ணுமில்லை" என்று சொன்னதை நம்பி நான்காம் நாள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை. குளிக்க வைத்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவதை இந்த இரண்டு மாதமாவது நிறுத்துங்கள். ஏற்கெனவே வீங்கிப்போன குட்டி மூச்சுக்குழாய்க்குள் புகையையும் அனுப்பினால் அது என்ன செய்யும்? தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிச் சூடத்தைப் போட்டு நெஞ்சில் தேய்ப்பது அதைவிட மோசம், 2 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். சூடம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும், கையில் ஒட்டியதை வாயில் வைத்துச் சப்பியே வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஆவி பிடிக்க வைத்து வெந்நீர் கொட்டி வெந்துபோன தொடையோடு ஒரு பிள்ளை வந்தது, அதைப் பற்றி இன்னும் எழுதினால் நான் திட்ட ஆரம்பித்துவிடுவேன். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து போதும், பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால். அம்மாவுக்குச் சளி என்று தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள், இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பால் வழியாக வருவது சளி இல்லை, எதிர்ப்புச் சக்தி. அம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

மருந்துக் கடை விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவுக்கு அப்புறம் "அந்த மூணு மாத்திரை குடுங்க" என்று அசித்ரோமைசின் பெயரைக்கூடச் சொல்லாமல் வாங்குகிற பழக்கம் வந்துவிட்டது. அது பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக், வைரஸுக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. நானும் யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், கிளினிக் ஆரம்பித்த புதிதில் "அந்த டாக்டரு ஊசி போட்டாரு, ஒரே நாள்ல நின்னுடுச்சு" என்று யாராவது சொன்னால் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறேன், கூட்டம் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். சளி சிரப்புகளிலும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது, ஆனாலும் அக்கா பிள்ளைக்கு வாங்கின பாட்டிலைத் தங்கை பிள்ளைக்கும் ஊற்றுகிறார்கள். இதைவிட நான் அடிக்கடி பார்க்கும் தப்பு பாராசிட்டமாலில். சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப்போ ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 125. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு காட்டம். பெயர் ஒன்றுதானே என்று சொட்டு மருந்தைச் சிரப் மூடியில் அளந்து ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலோடு வந்த அளவு மூடியையோ டிராப்பரையோ அந்தப் பாட்டிலுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களை யாரும் கேட்பதில்லை, டிவியும் குழந்தையைத்தான் காட்டுகிறது. கிரானைட் குவாரியில் இருபது வருடம் கல் தூசியைக் குடித்த நுரையீரல், விறகு அடுப்பு முன்னால் காலம் கழித்த நுரையீரல், பீடி, இவர்களுக்கெல்லாம் சாதாரணச் சளிகூட இழுப்பாக மாறும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் "பம்பு பழகிடுமுங்க" என்று டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள், பனிக்காலத்தில் அதை நிறுத்துவதுதான் ஆபத்து. ஃப்ளூ தடுப்பூசி இவர்களுக்கு உதவும். குழந்தைகளுக்கு நர்ஸம்மா போடுகிற இலவசத் தடுப்பூசிகளில் நிமோனியாவுக்கான பி.சி.வி. இருக்கிறது, ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாம் மாதம். எச்.எம்.பி.வி.யை அது தடுக்காது, ஆனால் சளியின் பின்னாலேயே வருகிற பாக்டீரியா நிமோனியாவைத் தடுக்கும். கார்டை எடுத்துப் பாருங்கள், ஒன்பதாம் மாத ஊசியை விட்டவர்கள் நிறையப் பேர்.

மற்றபடி செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருமுகிறவர் மாஸ்க் போடட்டும், கைக்குழந்தைக்கு மாட்டாதீர்கள், மூச்சு முட்டும். சோப்புப் போட்டு இருபது விநாடி கை தேய்ப்பது. எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்கள் உண்டு, அதனால் ஓடுகிற தண்ணீரில் கழுவு என்று உபதேசம் செய்ய மாட்டேன். ஒரு சொம்புத் தண்ணீர் போதும், ஒருவர் ஊற்ற ஒருவர் தேய்த்துக் கழுவலாம். தக்காளி மண்டியிலிருந்து, சந்தையிலிருந்து, பஸ்ஸிலிருந்து வந்தவர் கை கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். பொங்கலுக்கு ஊரே வரும், எருதுவிடும் விழாவுக்குக் கூட்டம் வரும், வந்தவர்கள் எல்லோரும் பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கி முத்தம் கொடுக்கப் பார்ப்பார்கள். "டாக்டரம்மா திட்டுவாங்க" என்று என் பேரைச் சொல்லித் தடுத்துவிடுங்கள், சித்தப்பா, பெரியம்மா மனஸ்தாபம் எல்லாம் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஒன்றரை வயதுப் பையனின் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, பிள்ளையை அவர் மடியில் உட்கார வைத்து மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். கொத்தனார், அளவு எடுத்துப் பழகிய ஆள், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். 32. பாட்டிக்கு இருமல் நிற்கும் வரை மாஸ்க் எழுதிக் கொடுத்தேன், அதைக் கேட்டதும் மருமகள் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. அன்று இரவு பதினோரு மணிக்குப் பையனின் அப்பாவிடமிருந்து போன். "டாக்டரம்மா, மூணு வாட்டி எண்ணிட்டேன், 36 வருதுங்க." தூங்குகிறானா என்றேன். தூங்குறாங்க என்றார். அப்போது நீங்களும் தூங்குங்கள் என்று வைத்துவிட்டேன்.

பொங்கல் அன்று காலை மட்டும் கிளினிக் உண்டு. மாட்டுப் பொங்கலுக்குக் கிடையாது, நானும் ஊருக்குப் போகிறேன். அவசரம் என்றால் எனக்குப் போன் போட்டு நேரத்தைக் கழிக்காமல் 108-க்குப் போடுங்கள்.