தீக்குச் சரி, புயலுக்கு மட்டும் ஏன் இழுக்கிறார்கள்?

கோனாப்பட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்க ஐயா காலத்து வீடு. இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு போனா, தீன்னா உடனே சரிங்கிறாங்க, புயல்னதும் இழுக்கிறாங்க. கேட்ட பிரீமியத்தைக் கட்டத்தானே போறோம், அப்புறம் என்ன?" 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்நாடாச்சே என்று பார்க்காமல் புதுக்கோட்டை மாவட்டத்தின் உட்பகுதிகளையும் புரட்டிப்போட்டது. அதைப் பார்த்தவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கம்பெனியின் பயத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு.

பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சிலருக்கு மொத்தமாகக் கொடுப்பதுதான் காப்பீடு, தெரிந்த கதை. வசதிக்காக 10,000 வீடு, வீட்டுக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் ஒரு வீடு எரிய நூற்றில் ஒரு வாய்ப்பு (நிஜத்தில் இவ்வளவு கிடையாது). ஆக வருஷத்துக்குச் சுமார் 100 வீடு, 10 கோடி. ஒரு வருஷம் 90 ஆகும், இன்னொரு வருஷம் 115 ஆகும், 130-ஐத் தாண்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஏனென்றால் பள்ளத்தூர் அடுப்படியில் பற்றிய தீக்கும் தேவகோட்டை வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கையில் 13 கோடி இருந்தால் கம்பெனி நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது தீயை எடுத்துவிட்டுப் புயலை வையுங்கள். வாய்ப்பு அதே நூற்றில் ஒன்று, சராசரி நஷ்டம் அதே 10 கோடி. ஆனால் 99 வருஷம் ஒன்றுமே நடக்காது, ஒரு வருஷம் ஒரே ராத்திரியில் 10,000 வீடும் போகும். 1,000 கோடி! அந்த ராத்திரி நூறாவது வருஷம்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, மூன்றாவது வருஷமே வந்தால் பெட்டியில் இருப்பது 30 கோடி. இதில் அழகு என்னவென்றால், தீக் காப்பீட்டில் ஆள் சேரச் சேர ஏற்ற இறக்கம் சராசரிக்கு முன்னால் சிறுத்துக்கொண்டே போகும். புயலில் அதே கரையில் இன்னும் 10,000 வீட்டைச் சேர்த்தால் தாங்க வேண்டிய அடி அப்படியே இரட்டிக்கும். வியாபாரம் பெருகப் பெருக ஆபத்தும் பெருகுகிற வியாபாரம்!

இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. கீழ் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), ஒருவனுக்கு மாடு செத்தது, இன்னொருவன் காய்ச்சலில் படுத்தான் என்பதையெல்லாம் சமாளித்தார்கள். 1930-ல் நெல் விலை சரிந்தபோது அத்தனை பேருக்கும் சேர்ந்தே சரிந்தது. அங்கே நெல் நிலத்தில் சுமார் 6 சதவீதம் வைத்திருந்தவர்கள் கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர, 1937 வாக்கில் கால்வாசிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், வர வேண்டிய பணம்தான் வரவில்லை.

இதற்கு மருந்து மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டுக் கம்பெனியே இன்னொரு இடத்தில் காப்பீடு எடுத்துக்கொள்வது. 1861-ல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் ஊர் எரிந்த பிறகு, 1863-ல் ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டுக் கம்பெனி பிறந்தது. நம் நாட்டில் அந்த வேலைக்கு ஜிஐசி ரீ. ஃபுளோரிடா புயலும் வங்கக்கடல் புயலும் பேசிவைத்துக்கொண்டு வருவதில்லை, அதனால் உலகம் முழுக்கப் பரப்பினால் பழையபடி தீக் கணக்கு மாதிரி ஆகிவிடும். ஆனால் அதற்கும் விலை உண்டு, பெரிய புயலுக்குப் பிறகு அந்த விலை எகிறும். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஃபுளோரிடாவில் பல கம்பெனிகள் திவாலாகி, மற்றவை பின்வாங்க, கடைசியில் 2002-ல் அங்கே அரசே சிட்டிசன்ஸ் என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்தை ஏற்படுத்த வேண்டிவந்தது.

சரி, கம்பெனி பயப்படட்டும். பின்கோடைப் பார்த்துப் பயப்படுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டைப் பார்க்க வேண்டாமா? காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. அதிலும் கூரையை அமுக்கும் காற்றைவிட உறிஞ்சும் காற்றுதான் பொல்லாதது: இறவாரத்தையும் முகட்டையும் அது தாண்டும்போது மேலே அழுத்தம் குறைய, ஆணியில்லாமல் தன் கனத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்டு ஓடு கிளம்பிவிடும், பின்னாலேயே மழை தேக்கு உத்தரத்தில் இறங்கும். அதே வீட்டின் மெட்ராஸ் டெரஸ் பகுதிக்கு, அதாவது செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கனத்த தட்டைக் கூரைக்கு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் காற்றுச் சுரங்கம், அதாவது காற்றை அடித்துச் சோதித்துப் பார்க்கும் கூடம், இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து ஒரு ஆய்வகத்தையே காரைக்குடிக்குக் கொண்டுவந்த மண்ணில், நாட்டு ஓட்டைச் சோதிக்க நாலு பேர் சேர்ந்து பணம் போட முடியாதா?

"நூறு வருஷமா நிக்குது, நம்ம சாமி பாத்துக்கும்" என்பவர்களுக்கு ஒன்று. நூற்றில் ஒரு வாய்ப்புள்ள புயல் நூறு வருஷம் வராமலே போக 37 சதவீத வாய்ப்பு உண்டு, அதற்குச் சாமி தேவையில்லை.

கோனாப்பட்டுக்காரருக்கு: 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயலும் வெள்ளமும் உள்ளேயே சேர்த்தி, பெயர் சொல்லிக் கேளுங்கள். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், பழைய தீ பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், கம்பெனியின் சம்மதம் வாங்காதவரை காப்பீடு செல்லாது. பங்குள்ள அத்தனை பேர் பெயரையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கிளைம் பணத்தோடு பங்காளிச் சண்டையும் சேர்ந்து வரும்.