டிரைவர் அப்டேட்டர் காட்டுற சிவப்பு லிஸ்டை நம்பி காசு கட்டாதீங்க

சேலம் அஞ்சு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன். நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்புங்க, திடீர்னு சவுண்ட் வரல, வைஃபை காணோம்னு கொண்டு வருவாங்க, திறந்து பார்த்தா உள்ள ஒரு டிரைவர் அப்டேட்டர் உக்காந்திருக்கும். டிரைவர்ங்கிறது சவுண்ட், வைஃபை மாதிரி பார்ட்டை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர், அதை புதுசாக்கித் தர்றேன்னு சொல்றதுதான் இந்த அப்டேட்டர். வேற ஏதோ ஃப்ரீ சாஃப்ட்வேர் போடும்போது நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கினதுல கூடவே வந்திருக்கும்.

அது ஃப்ரீயா ஸ்கேன் பண்ணும், உங்க டிரைவர் எல்லாம் அரதப்பழசுன்னு சிவப்புல லிஸ்ட் போடும், சரி பண்ண காசு கேக்கும். லிஸ்ட்ல 2006ன்னு பார்த்தா யாருக்கும் பக்குன்னுதான் இருக்கும். ஆனா விண்டோஸோட வர்ற மைக்ரோசாஃப்ட் டிரைவர் பலதுக்கும் 21-6-2006ன்னுதான் தேதி, புது லேப்டாப்லயும் அப்படித்தான். லேப்டாப் கம்பெனி தர்ற டிரைவர் இருந்தா விண்டோஸ் அதைத்தான் எடுத்துக்கணும், தன்னோடது புதுத் தேதியில இருந்தா அதை முந்திக்கும்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. இன்டெல் சிப்செட் டிரைவர் சிலதுல 18-7-1968ன்னே இருக்கும், அது இன்டெல் ஆரம்பிச்ச நாள். இதையெல்லாம் பழசுன்னு காட்டி காசு வாங்குறது எனக்கு கோவமா வருது, ஏன்னா பயந்து கட்டுறது விவரம் கேக்க பக்கத்துல ஆள் இல்லாதவங்கதான். ஸ்கேன்ல பொய்யா பிரச்சனை காட்டி பிசி ரிப்பேர் சாஃப்ட்வேர் வித்த கேஸ்ல ரெஸ்டோரோ, ரீஇமேஜ்னு ரெண்டு கம்பெனி 2024ல அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பு பாக்குற அரசு அமைப்பான எஃப்டிசிகிட்ட 2.6 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

காசு போறது கூட பரவால்லங்க. ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்குற பொண்ணு, "அண்ணா, அப்டேட்தான குடுத்தேன், நெட்டே போச்சு"ன்னு அழாத குறையா போன் பண்ணுச்சு. அந்த அப்டேட்டர் வைஃபை கார்டுக்கு வேற மாடல் டிரைவர ஏத்தி விட்டிருக்கு. டிவைஸ் மேனேஜர்ல வைஃபைய ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர் அமுக்கு, பழைய டிரைவருக்கே திரும்பிரும்னு சொன்னேன், பட்டன் மங்கலா இருக்குன்னுச்சு. சரி, போனை கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணும்மான்னேன், போன் நெட் கேபிள் வழியா லேப்டாப்புக்கு வரும், அதுக்கு வைஃபை டிரைவர் தேவையில்ல, நெட் வந்துருச்சு. அப்புறம் லேப்டாப் கம்பெனி சைட்ல சீரியல் நம்பர் போட்டு சரியான டிரைவர இறக்கினோம், 20 ஹேர்பின் வளைவு ஏறாமயே வேலை முடிஞ்சுது.

பல டிரைவர் விண்டோஸோட கர்னல், அதாவது அதோட மையப் பகுதி வரைக்கும் போகும், தப்பானது ஏறினா விண்டோஸே நின்னு ப்ளூ ஸ்கிரீன், பாதுகாப்பு ஓட்டை உள்ளது ஏறினா ஹேக்கருக்கு வழி. அதனால பிரச்சனை இல்லாத டிரைவர்ல கை வைக்காதீங்க. தேவைன்னா விண்டோஸ் அப்டேட்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள ஆப்ஷனல் அப்டேட்ஸ் பாருங்க, இல்லன்னா லேப்டாப் கம்பெனி சைட். கேம் ஆடுறவங்க கிராஃபிக்ஸ் டிரைவர என்விடியா, ஏஎம்டி, இன்டெல் சைட்லயே நேரா எடுத்துக்கலாம்.

ஏற்கனவே காசு கட்டியிருந்தா சாஃப்ட்வேர அன்இன்ஸ்டால் பண்ணினா மட்டும் பத்தாது, கார்டுல ஆட்டோ ரினியூவல் ஓடுதான்னு பார்த்து அதையும் கேன்சல் பண்ணிருங்க.