ஸ்பீஷீசிசம்: பாகுபாடா, ஓரவஞ்சனையா?

போன லீவுக்கு மெட்ராஸ்ல படிக்கிற சித்தப்பா மகன் ஊருக்கு வந்திருந்தான், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல இருக்குற மண்டபத்துக்கு இந்தப் பக்கம்தான் எங்க ஊரு, சாயங்காலம் சித்தப்பா கரையில உக்காந்து வலையில இருந்து நண்ட எடுத்துக்கிட்டு இருக்காரு, இவன் பக்கத்துல நின்னுக்கிட்டு "மனுச உயிருதான் பெருசு, மத்ததெல்லாம் அப்பறம்னு நெனைக்கிறீங்கள்ல, அதுக்குப் பேரு ஸ்பீஷீசிசம்ப்பா, அதுவும் சாதி பாக்குற மாதிரி ஒரு தப்புதான்"னு சொன்னான். சித்தப்பா கோவப்படல. "அத தமிழ்ல சொல்லுடா"ன்னு மட்டும் கேட்டாரு. அவனால சொல்ல முடியல, கூட நின்ன என்னாலயும் முடியல. அதுலருந்து இந்த வார்த்தை மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு, அதான் எழுதுறேன்.

மொதல்ல அர்த்தம். ஒரு உயிரு எந்த இனத்துல பொறந்துச்சுங்குற ஒரே காரணத்துக்காக அதோட வலியையும் வாழ்க்கையையும் குறைச்சு மதிக்கிறது, இதுதான் ஸ்பீஷீசிசம். இந்த வார்த்தைய உண்டாக்குனது ரிச்சர்ட் ரைடர்ங்குற இங்கிலாந்து உளவியல்காரரு. விலங்குகள வச்சு பரிசோதனை பண்ற லேப்லயே வேலை பாத்தவரு அவரு, அங்க பாத்தது மனச அறுத்து வெளிய வந்து, 1970ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு துண்டு நோட்டீஸ் அடிச்சு குடுத்தாரு, அதுலதான் இந்த சொல்லு மொத மொதல்ல வருது. ரேசிசம், செக்சிசம்னு ஏற்கனவே இருந்த வார்த்தைங்க மாதிரியே இதையும் வார்த்தாரு. தோலு நிறத்த வச்சு ஒருத்தன மட்டமா நடத்துறது தப்புன்னா, உடம்பு வேற மாதிரி இருக்குங்குறதுக்காக ஒரு உயிர மட்டமா நடத்துறதும் தப்புதானேங்குறது அவரு கேள்வி. அப்பறம் 1975ல பீட்டர் சிங்கர்னு ஆஸ்திரேலியா தத்துவப் பேராசிரியர் எழுதின புத்தகம் வழியாத்தான் இது உலகம் பூரா பரவுச்சு.

வேரு பாத்தா, ஸ்பீஷீஸ் லத்தீன் சொல்லு. பாக்குறதுங்குற வினையில இருந்து வந்தது, கண்ணுக்குத் தெரியிற தோற்றம், அப்பறம் வகைன்னு அர்த்தம் விரிஞ்சது. சமையலுக்குப் போடுற ஸ்பைஸுங்குற வார்த்தையும் இதே வேருதான், வகை வகையான சரக்குங்குற அர்த்தத்துல வந்தது.

இங்க ஒண்ண தெளிவா சொல்லிரணும், ஏன்னா தம்பி சொன்னதுல பாதிதான் சரி. எல்லா உயிரும் ஒரே மதிப்பு, கொசுவும் மனுசனும் ஒண்ணுன்னு சிங்கர் சொல்லவே இல்ல. அவரு சொல்றது, வலின்னு ஒண்ணு இருந்தா அது யாரோட வலியா இருந்தாலும் சமமா கணக்குல எடுத்துக்கணும்ங்குறது. நாளைக்கு என்ன பண்ணணும், புள்ளைய எப்படி படிக்க வைக்கணும்னு யோசிக்கிற ஒரு உயிர கொல்றது அப்படி யோசிக்க முடியாத உயிர கொல்றத விட பெரிய தப்பா இருக்கலாம்னுகூட அவரே ஒத்துக்கிறாரு. அவருக்கும் முன்னாடி பெந்தாம்னு ஒரு ஆங்கிலேயர், 1789லயே, அதுக்கு யோசிக்கத் தெரியுமா பேசத் தெரியுமாங்குறது கேள்வி இல்ல, வேதனைப்படத் தெரியுமாங்குறதுதான் கேள்வின்னு எழுதிட்டாரு. அதனால மனுசன காப்பாத்துறவன எல்லாம் ஸ்பீஷீசிஸ்ட்னு திட்டுறதுக்கு உண்டான சொல்லு இல்ல இது.

சரி தமிழ்ல என்ன இருக்கு?

நம்ம மொழியில இந்தப் பிரிவு இலக்கணத்துலயே இருக்கு. தொல்காப்பியம் சொல்லதிகாரம் மொத நூற்பாவே "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே"ன்னுதான் ஆரம்பிக்குது. மனுசன் உயர்ந்த திணை, மத்தது எல்லாம் அது அல்லாத திணை. நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில சேத்துட்டு "மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை"ன்னு சொல்லுது, அதாவது உயிரு இருக்குற ஆவுளியாவும் (வெளியூர்க்காரங்க கடல் பசுன்னு சொல்றது) உயிரு இல்லாத நங்கூரமும் ஒரே பெட்டிக்குள்ள. இத மட்டும் பாத்தா தமிழே ஸ்பீஷீசிசம் பேசுற மொழின்னு தோணும். எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் தோணுச்சு, வருத்தமாவும் இருந்துச்சு.

ஆனா அதே தொல்காப்பியத்துல மரபியல்ங்குற பகுதியில வேற ஒரு கணக்கு இருக்கு. ஓரறிவுல ஆரம்பிச்சு ஆறறிவு வரைக்கும் ஒரே ஏணி, மனுசன் மேல்படியில நிக்கிறான், நிக்கிறது அதே ஏணியில. "நந்தும் முரளும் ஈரறி வினவே"ன்னு வரும், நந்துங்குறது சங்கு நத்தை வகை, முரள் இப்பி வகை. "நண்டும் தும்பியும் நான்கறி வினவே"ன்னு வரும். கீழக்கரையில சங்கு குளிக்கிறவங்க கையில எடுக்குறதும் எங்க சித்தப்பா வலையில சிக்குறதும் அந்தப் பட்டியல்ல பேரோட இருக்கு, தொட்டா தெரியும், ருசி தெரியும், மணம் தெரியும், கண்ணு தெரியும்னு அதுங்களுக்கு என்னென்ன உணர முடியும்ங்குறத வச்சு எண்ணியிருக்காங்க. பெந்தாம் கேட்டதுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற கணக்கு இது. இன்னொண்ணு, "மாவும் மாக்களும் ஐயறி வினவே"ன்னு அஞ்சறிவுல விலங்கோட சேத்து மாக்கள்னு ஒரு வகை மனுசங்களையும் வச்சிட்டாங்க, மனுச உடம்புல பொறந்துட்டா மட்டும் ஆறாவது அறிவு வந்துராதுங்குற மாதிரி.

அதுக்கும் மேல, பேச்சுல நாம அந்தத் திணைக் கோட்ட தாண்டிக்கிட்டேதான் இருக்கோம். மூணு வருசம் முன்னாடி சித்தப்பா வலையில ஒரு ஆவுளியா சிக்கிருச்சு. அது மீன் இல்ல, பாலூட்டி, கடல்புல்லு மேயும், சில நிமிசத்துக்கு ஒரு தடவ மேல வந்து மூச்சு விட்டாகணும், வலை புடிச்சு வச்சா தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டி செத்துரும். சித்தப்பா யோசிக்காம கத்திய எடுத்து வலைய அறுத்து விட்டுட்டாரு, அந்த வலைக்கு கட்டுன கடன் அப்ப இன்னும் பாக்கி. வீட்டுக்கு வந்து சித்திக்கிட்ட சொன்ன வார்த்த, "கொஞ்சம் விட்டிருந்தா செத்துருப்பா, பாவம், வயித்துல குட்டி கெடந்த மாதிரி இருந்துச்சு". செத்துருப்பா. அஃறிணைக்கு பெண்பால் விகுதி. இலக்கணத்துல இதுக்கும் இடம் உண்டு, திணை வழுவமைதின்னு பேரு, பாசம் பொங்குறப்ப ஒரு பசுவ "என் அம்மை வந்தாள்"னு சொன்னா அது பிழை இல்லன்னு உரைக்காரங்க அதையே உதாரணமா காட்டுவாங்க. பசுவுக்கு சொன்னது கடல் பசுவுக்கும் பொருந்திப்போச்சு.

இப்ப எனக்கு என்ன தோணுதுன்னு சொல்லிர்றேன். மனுச உயிரா ஆவுளியா உயிரான்னு நேருக்கு நேர் வந்தா நான் மனுசன் பக்கம்தான், இங்க யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்வாங்க. ஒரு ஆளு கடல்ல காணாமப் போயிட்டா அன்னைக்கு ஊருல ஒரு போட்டும் தொழிலுக்குப் போகாது, அத்தனையும் தேடத்தான் போகும், டீசல் காச யாரும் கணக்கு பாக்கமாட்டாங்க. ஒரு மீனுக்கோ ஆமைக்கோ அப்படிப் போகமாட்டோம், அதுல குத்தம் இருக்குறதா எனக்குத் தோணல. ஆனா அந்த மாதிரி உயிருக்கு உயிருன்னு தராசு வைக்கிற நாளு வாழ்க்கையில எத்தன தடவ வருது? நெசமா தெனமும் நாம வைக்கிறது வேற தராசு, அதுல ஒரு தட்டுல அதுங்களோட உயிரு, இன்னொரு தட்டுல நம்ம ருசி, நம்ம காசு, நம்ம அவசரம். ஆவுளியா கறி தின்ன பெருசுங்க இந்தக் கரையில இன்னும் இருக்காங்க, அத தின்னாட்டி யாரும் செத்துருக்கமாட்டாங்க. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டின்னு ஒரு தீவே இன்னைக்கு தண்ணிக்குள்ள கெடக்கு, சுத்தி இருந்த பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல. "மனுச உயிரு பெருசு"ங்குற வாக்கியத்த சொல்லிட்டு நாம செய்யிறது பெரும்பாலும் மனுசனோட சவுகரியம் பெருசுங்குறதுதான். ஸ்பீஷீசிசம்ங்குற சொல்லு சரியா குத்துற எடம் அதுதான்.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு, அதச் சொல்லாம விட்டா எங்க ஆளுகளுக்கு துரோகம் பண்ணுன மாதிரி. 2001ல, கடல் தரையில ஊர்ந்து கெடக்குற கடல் அட்டைய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணையில சேத்தாங்க, புலிக்கு இருக்குற அதே அட்டவணை, எடுத்தா ஜெயிலு. அத நம்பியே இருந்த குடும்பங்க ஒரே நாள்ல தொழில இழந்துச்சு. அந்தப் பக்கம் இலங்கையில அதையே பண்ணை வச்சு வளக்குறாங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேத்து 1986ல தேசியப் பூங்கா ஆக்குனாங்க, அந்தத் தீவச் சுத்தி முங்கி பாசி எடுத்து புள்ளைகள வளத்த பொம்பளைங்க இன்னைக்கு பயந்து பயந்து போறாங்க. "அட்டைக்கு இருக்குற மதிப்பு எங்களுக்கு இல்லையா"ன்னு அவங்க கேக்குறப்ப அது விலங்குக்கு எதிரான கேள்வி இல்லங்க. உயிர காப்பாத்துற செலவு பூரா ஏன் எங்க தலையில மட்டும் விழுதுங்குற கேள்வி. கடல அடியோட வழிச்சு வார்ற இழுவை மடி வலை ஓடிக்கிட்டுதான இருக்கு. ஆக மனுசனுக்கும் விலங்குக்கும் நடுவுல ஒரு சாய்வு இருக்குன்னா, மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவுல இன்னொரு சாய்வு இருக்கு, ரெண்டையும் சேத்துப் பாக்காம ஒண்ண மட்டும் பேசுறவங்க மேல எனக்கு கோவம் வருது.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வர்றேன். நாலு யோசிச்சேன்.

ஸ்பீஷீஸுக்கு நம்ம பாடப்புத்தகத்துல சிற்றினம்னு இருக்கு, அத வச்சு சிற்றினவாதம்னு போடலாம்னு தோணும். வேணாம். திருக்குறள்ல சிற்றினம் சேராமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு, அங்க சிற்றினம்னா கெட்ட சகவாசம். படிக்கிறவன் வேற எங்கயோ போயிருவான்.

இனவாதம் சுத்தமா ஆகாது, அதுவும் இந்தக் கரையில. மண்டபம் முகாமுக்கு 1983க்கு அப்பறம் இலங்கையில இருந்து படகுல உயிர கையில புடிச்சுக்கிட்டு வந்து எறங்குன சனங்க எங்க பக்கத்துலயே இருக்காங்க, இனவாதம்னா அவங்களுக்கு எரிஞ்ச வீடு, செத்த சொந்தம். அந்தச் சொல்ல வேற எதுக்கும் இரவல் வாங்கக் கூடாது.

உயிரினப் பாகுபாடு பரவாயில்ல, சுத்தத் தமிழு, பகுக்குறதுங்குற வினையில இருந்து வந்தது. ஆனா அங்கதான் சிக்கலும். பாகுபாடுன்னா வெறும் பிரிப்புன்னும் அர்த்தம் வரும், இது பாலூட்டி இது மீனுன்னு வகை பிரிக்கிறதையும் அப்படிச் சொல்லலாம். பிரிச்சுப் பாக்குறது தப்பே இல்லையே, மரபியல் பண்ணுனதும் அதானே. கட்டுரை, பரிட்சைன்னா இத எழுதிக்கலாம்.

நான் சொல்றது உயிரின ஓரவஞ்சனை. ஓரம்னா பக்கம், விளிம்பு, அதுலருந்து ஒரு பக்கமா சாயிறதுன்னும் ஆச்சு. நல்வழியில ஔவையார் "மன்றோரம் சொன்னார் மனை"ன்னு பாடுறாங்க, சபையில ஒருபக்கம் சாஞ்சு தீர்ப்பு சொன்னவன் வீடு பாழாப்போகும்னு. வஞ்சனை வடமொழிச் சொல்லுன்னு சிலர் தள்ளுவாங்க, தள்ளட்டும், ரெண்டு புள்ளைக்கு சோறு போடுறப்ப ஒருத்தனுக்கு மட்டும் நல்ல மீன் துண்டு விழுந்தா இன்னொருத்தன் வாயில வர்ற சொல்லு இதுதான். பெரியவனுக்கு ரெண்டு கரண்டி சின்னவனுக்கு ஒரு கரண்டின்னு போட்டா யாரும் ஓரவஞ்சனைன்னு சொல்றதில்ல, பசிக்கேத்த மாதிரி போடுறதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். சின்னவன் பசிய பசியாவே மதிக்காம விட்டாத்தான் அந்தச் சொல்லு வரும். சிங்கர் பக்கம் பக்கமா விளக்குன வித்தியாசம் இந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு.

ஸ்பீஷீசிஸ்ட்ங்குறதுக்கு மட்டும் நான் ஓரவஞ்சனைக்காரன்னு போடமாட்டேன், அது திட்டுற மாதிரி ஆயிரும், கேக்குறவன் காத பொத்திக்குவான். "உயிரின ஓரவஞ்சனை பாக்குறது"ன்னு வினையா சொன்னாப் போதும். தம்பிக்கு போன்ல இதச் சொன்னேன், ஸ்பீக்கர்ல போட்டதால பக்கத்துல இருந்த சித்தப்பாவுக்கும் கேட்டுச்சு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன்ல"ன்னாரு.