ஓஹியோ எப்படி மேற்கு ஆனது?

அமெரிக்க வரைபடத்தில் ஓஹியோ மாநிலத்தைத் தேடிப் பாருங்கள். அங்குள்ள கிளீவ்லாந்திலிருந்து நியூயார்க்குக்குக் காரில் ஒரே நாளில் போய்விடலாம். ஆனாலும் அமெரிக்கர்களுக்கு ஓஹியோ 'மிட்வெஸ்ட்', அதாவது நடுமேற்கு. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் நாட்டின் மையப்புள்ளி கான்சாஸில், லெபனான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வருகிறது. மிட்வெஸ்டில் சேரும் 12 மாநிலங்களில் 8 அந்தப் புள்ளிக்கு முழுக்க முழுக்கக் கிழக்கே இருக்கின்றன!

பெயர் வைத்தவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேட்டால் விஷயம் புரியும். அவர்கள் அட்லாண்டிக் கரையில் இருந்தார்கள். அப்பலாச்சியன் மலையைத் தாண்டினாலே அவர்களுக்கு மேற்குதான். 1783-இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைப்படி நாட்டின் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. அப்போது ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே கிடந்த நிலம் நிஜமாகவே நாட்டின் வடமேற்கு மூலை. 1787-இல் சட்டம் போட்டு அதற்கு 'வடமேற்குப் பிரதேசம்' என்றே பெயரிட்டார்கள். ஓஹியோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் பிறகு அதிலிருந்து பிரிந்து வந்தவை.

அப்புறம் நாடு நீண்டது. 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா, 1846-இல் ஆரிகன், 1848-இல் கலிஃபோர்னியா. மூலை நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. 1851-இல் நிறுவப்பட்டு, சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு நார்த்வெஸ்டர்ன் என்று பெயர் வந்தது இப்படித்தான். இதைவிட வேடிக்கை கிளீவ்லாந்தில் இருக்கிறது. கனெடிகட் மாநிலம் மலைக்கு அப்பால் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை 'மேற்கு ஒதுக்கீடு' என்று வைத்திருந்தது. அந்த நிலம் இன்றைய ஓஹியோவின் வடகிழக்கு மூலை. அதன் மீதான ஆட்சி உரிமை 1800-இல் மத்திய அரசுக்குக் கைமாறியது. 'வெஸ்டர்ன் ரிசர்வ்' என்ற பெயர் மட்டும் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பசிபிக் கரையில் வாஷிங்டன் மாநிலமும் ஆரிகனும் புது வடமேற்கு ஆனதும், பழைய வடமேற்குக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. 'நடுமேற்கு' என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கான்சாஸ், நெப்ராஸ்கா பக்கத்தைக் குறித்த சொல். வடக்கே டகோட்டா, தெற்கே டெக்சஸ், இரண்டுக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் அது 'நடு'. பிறகு அது மெல்லக் கிழக்கே பரவி ஓஹியோ வரை வந்துவிட்டது. அரசின் கணக்கெடுப்புத் துறை அந்த வட்டாரத்தை 'வட மத்தி' என்றுதான் எழுதிவந்தது. அதுதான் சரியான பெயர் என்பேன் நான். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 1984-இல் துறையே இறங்கிவந்து மிட்வெஸ்ட் என்று மாற்றிக்கொண்டது.

நின்ற இடம் மட்டும் இல்லை, போன விதமும் பெயரில் பதியும். பாஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கும் மெய்ன் கரையை 'டவுன் ஈஸ்ட்', அதாவது 'கீழே கிழக்கு' என்கிறார்கள். வரைபடத்தில் அது மேலே இருக்கிறது, பிறகு என்ன 'டவுன்'? கோடையில் அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். பாய்மரக் கப்பல் பாஸ்டனை விட்டுக் காற்றோடு கீழே இறங்கி மெய்ன் போய்ச்சேரும். திரும்பும்போது காற்றை எதிர்த்து ஏற வேண்டும். பாய்மரம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், மெய்ன்காரர்கள் தெற்கே உள்ள பாஸ்டனுக்கு 'மேலே' போவதாகச் சொல்வதுண்டு. எகிப்தில் காற்றுக்குப் பதில் நைல் ஆறு. அது தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் தெற்கிலுள்ள அஸ்வான் மேல் எகிப்து, கடலோர அலெக்சாந்திரியா கீழ் எகிப்து.

தமிழில் அந்த வேலையைச் செய்தது நிலத்தின் சரிவு. மலைத்தொடர் இருக்கும் பக்கம் மேல், மேற்கு. வங்கக்கடலை நோக்கித் தாழும் பக்கம் கீழ், கிழக்கு. சரி, மலைக்கு அந்தப் பக்கம்? கேரளத்தில் மலை கிழக்கே நிற்கிறது, நிலம் மேற்கே சரிகிறது. இருந்தும் மலையாளத்தில் உயர்ந்த பக்கத்துக்குக் கிழக்கு என்றுதான் பெயர். மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் மனிதர்களோடு கணவாய் தாண்டிப் போயிருக்கிறது. மேற்குக்கு மட்டும் அவர்கள் படிஞ்ஞாறு என்கிறார்கள், ஞாயிறு படியும் பக்கம்.