கோரோபிளெத் என்றால் வண்ண வரைபடமா?

கோரோபிளெத் மேப்பைத் தமிழில் ‘வண்ண வரைபடம்’ என்று எழுதுகிறார்கள். தண்டையார்பேட்டைக் கூட்டம் ஒன்றில் கொடுத்த தமிழ்க் கையேட்டிலும் அதேதான். தேர்தல் வந்தால், வெள்ளம் வந்தால், கணக்கெடுப்பு வந்தால் கூடவே இந்தச் சொல்லும் வந்துவிடுகிறது. காது புளித்துவிட்டது.

கோரோபிளெத் மேப் என்பது வார்டு, மண்டலம், மாவட்டம் என்று எல்லை பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம் எந்த அளவில் இருக்கிறது என்பதை அடர்த்தியாகவோ வெளிறலாகவோ தீட்டிக் காட்டுவது. கிரேக்கத்தில் கோரா என்றால் நிலப்பகுதி, பிளேதோஸ் என்றால் திரள். இரண்டையும் சேர்த்து 1938-இல் இந்தப் பெயரை வைத்தவர் ஜான் ரைட் என்ற அமெரிக்கப் புவியியலாளர்.

இதில் வண்ணம் எங்கே வந்தது? எனக்கு ஒரு சந்தேகம். ஆங்கிலத்திலேயே பலர் இதைக் குளோரோபிளெத் என்று தவறாக எழுதுகிறார்கள். குளோரோ என்றால் பச்சை. குளோரோபிலில் இருப்பது அதுதான். அந்தப் பிழையைப் பார்த்தவர் யாரோ ‘நிறம் சம்பந்தப்பட்டது போல’ என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் இவ்வகையில் முதலாவதாகச் சொல்லப்படும் படத்தில் நிறமே கிடையாது. 1826-இல் பிரான்ஸில் சார்ல் டூப்பன் எந்த வட்டாரத்தில் பள்ளிப் படிப்பு எவ்வளவு என்பதை வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்குமான சாயல்களில்தான் காட்டினார்.

சரி, நிறம் இருந்தாலும்தான் என்ன? பள்ளிச் சுவரில் தொங்கும் இந்தியப் படத்திலும் மாநிலத்துக்கு ஒரு நிறம் இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்காக மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்களே, அதுவும் வண்ணம்தான். முன்னது அடையாளம், பின்னது வகைப்பாடு. இரண்டுமே அளவைச் சொல்வதில்லை. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எதை எப்படிப் படிப்பது?

பெயர் மங்கினால் படத்தின் குறையும் மறைந்துவிடும். இவ்வகைப் படம் எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே சாயலைப் பூசிவிடும். மணலி மண்டலத்துக்கு மக்கள் அடர்த்தி தீட்டினால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகமும் குடியிருப்புத் தெருவும் ஒரே நிறம். கொடுங்கையூரில் குப்பைக்கிடங்கின் மீதும் ஆள் குடியிருப்பதாகத் தோன்றும். இதே கணக்கை வீடு இருக்கும் இடம் பார்த்துப் புள்ளிப்படமாகப் போட்டால் புள்ளிகள் வீடுள்ள இடத்தில் மட்டும் நெருங்கி நிற்கும். 1854-இல் லண்டனில் பரவிய காலராவின் சாவுகளை மருத்துவர் ஜான் ஸ்னோ வீடுவீடாகக் குறித்த படத்தில், அவை ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தது பளிச்சென்று தெரிகிறது. வார்டுக்கு ஒரு சாயல் என்று பூசியிருந்தால் அந்தக் குழாய் தெரிந்திருக்காது.

இன்னொன்று, கோரோபிளெத்தில் வெறும் எண்ணிக்கையைத் தீட்டக் கூடாது, விகிதம் வேண்டும். 2020 மே மாதத்தில் சென்னையின் கொரோனா எண்ணிக்கையில் வடசென்னை ராயபுரம் மண்டலம்தான் முன்னால் நின்றது. லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுக்காமல் சிவப்பைக் குழைத்துப் பூசினால், நெருக்கமாக மக்கள் வாழ்வதே குற்றம் போலத் தெரியும். வடசென்னை என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் படம் அல்வா.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? வேர்ச்சொல் பார்த்து ‘இடத்திரள் நிலப்படம்’ என்று ஆக்கலாம், யாருக்கும் புரியாது. ‘செறிவுப்படம்’ அழகுதான், ஆனால் எழுத்தறிவு விகிதத்தைக் காட்டும் படத்துக்குப் பொருந்தாது. நான் ‘பகுதிவாரி அளவுப்படம்’ என்பேன். ‘வாரி’ தமிழா என்று தனித்தமிழ் அன்பர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். வார்டுவாரி, மாவட்டவாரி என்று எல்லோரும் பேசுகிறோம், கேட்டதும் புரிகிறது.

அப்புறம் இந்த ‘வரைபடம்’. கணக்குப் பாடத்தில் கிராஃபுக்கும் அதே சொல், கிராஃப் தாளுக்கு வரைபடத்தாள். மேப்புக்கு நிலப்படம் என்ற நல்ல சொல் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் அதைத் தொடுவதில்லை என்று தெரியவில்லை. ‘படம் என்றால் ஃபோட்டோ ஆயிற்றே’ என்று ஒருவர் மறுத்தார். மேப் என்ற சொல்லே துணியைக் குறிக்கும் லத்தீன் மாப்பாவிலிருந்து வந்தது. படம் என்பதற்கும் துணி என்று பழைய பொருள் உண்டு. மயிலுக்குப் பேகன் கொடுத்த போர்வையைச் சொல்லும் ‘படாம்’ அந்த உறவுதான்.